குஸ்ரோ பாக்: பிரயாக்ராஜில் அரை நாளில் முறையாகப் பார்க்கும் வழி

பிரயாக்ராஜ் (பழைய பெயர் அலகாபாத்) ஜங்ஷனுக்குத் தெற்கே, நடந்தே போய்விடும் தூரத்தில், மதில் சூழ்ந்த சுமார் 40 ஏக்கர் தோட்டம் குஸ்ரோ பாக். உள்ளே முகலாய அரச குடும்பத்தின் கல்லறை மாளிகைகள் மூன்று ஒரே வரிசையில் நிற்கின்றன. நான்காவது ஒன்று சற்றுத் தள்ளி இருக்கிறது. காசி, கயா, பிரயாகை என்று யாத்திரை வரும் தமிழர்களில் பலர் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் "மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்று திரும்பியும் விடுகிறார்கள்.

மூன்றும் ஒன்று போல இல்லை. அப்படித் தோன்றுவதற்குக் காரணம் பார்க்கும் நேரமும் வரிசையும்தான். உச்சி வெயிலில் நுழைந்து, கண்ணில் முதலில் படும் குவிமாடத்தை நோக்கி நடந்தால் எல்லாமே பழுப்புக் கல்லாகத்தான் தெரியும். கீழே உள்ள வரிசைப்படி போனால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஸ்டேஷனிலிருந்து போக, வர, பெட்டி வைக்க என்று சேர்த்து நான்கு மணி நேரம் கையில் இருக்கட்டும்.

1. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள்

முதல் தவறு ஊருக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிரயாக்ராஜ் ஜங்ஷன் வேறு, பிரயாக் ஜங்ஷன் வேறு. பிரயாக்ராஜ் ராம்பாக், பிரயாக்ராஜ் சங்கம், பிரயாக்ராஜ் சிவ்கி எல்லாம் தனித்தனி ஸ்டேஷன்கள். குஸ்ரோ பாக் இருப்பது பிரயாக்ராஜ் ஜங்ஷன் பக்கத்தில் மட்டும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் சிவ்கியைக் கவனிக்க வேண்டும். இட்டார்சி, ஜபல்பூர், சத்னா வழியாக வரும் ரயில்களில் சில ஜங்ஷனுக்குள் நுழைவதில்லை. சிவ்கியில் நின்றுவிட்டுக் கிழக்கே போய்விடும். சிவ்கி யமுனையின் தென்கரையில், நைனிப் பக்கம் இருக்கிறது. அங்கே இறங்கினால் ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி வர வேண்டும். பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

திரும்பும் ரயிலுக்கும் இதே கதைதான். ஜங்ஷனில் வந்து இறங்கியவர் சிவ்கியிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கலாம். தோட்டத்துக்குள் போகுமுன் திரும்பும் டிக்கெட்டை எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள்.

2. மாதத்தைப் பொறுத்து நேரத்தைத் தீர்மானியுங்கள்

அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முடிய, பிறகு பிப்ரவரி, மார்ச். இவைதான் நல்ல மாதங்கள். மே, ஜூனில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். "லூ" என்று அங்கே சொல்லும் அனல்காற்று பகலில் வீசும். சென்னை வெயிலில் பழகியவர்கள் "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று நினைப்பதுண்டு. சென்னையில் வியர்க்கும், இங்கே வியர்வை தெரியாமலே உடம்பு வற்றிவிடும். அந்த மாதங்களில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்கு உள்ளே இருந்து, எட்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள்.

நல்ல மாதங்களில் காலை ஏழு முதல் பத்து வரை உகந்த நேரம். இங்குள்ள வேலைப்பாட்டில் பெரும்பகுதி மணற்கல்லில் மேலோட்டமாகச் செதுக்கியது. சாய்ந்த வெயில் பட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுந்து உருவம் எழுந்து நிற்கும். சூரியன் தலைக்கு மேலே வந்ததும் நிழல் சுருங்கிச் சுவர் தட்டையாகிவிடும்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் இந்தக் கணக்கு தலைகீழாகும். காலை ஒன்பது, பத்து மணி வரை மூடுபனி இருக்கும். பத்தடி தூரத்து மரம்கூடத் தெரியாத நாட்கள் உண்டு. அப்போது பதினொரு மணிக்குப் போங்கள். குளிர்காலத்தில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே இருப்பதால், நண்பகலிலும் தெற்குச் சுவர்களில் நிழல் நன்றாக விழும். ஆனால் மாலையை நம்பாதீர்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம்மூரைவிட ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னதாக.

சங்கமத்தில் நீராடி, வேணி தானம் முதலிய சடங்குகளையும் முடிக்க வந்தவர்களுக்குக் காலை முழுக்க அங்கேயே போய்விடும். அவர்கள் குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு இங்கே வருவது சரியாக இருக்கும். ஈர வேட்டி, கங்கைச் செம்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வராமல் தங்குமிடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

மாக மேளா சமயத்தில் (ஜனவரி, பிப்ரவரி) மகர சங்கராந்தி, மௌனி அமாவாசை, வசந்த பஞ்சமி ஆகிய நீராடல் நாட்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாளையும் தவிர்த்துவிடுங்கள். 2025 மகா கும்பமேளாவில் குஸ்ரோ பாகையே ரயில் பயணிகளின் கூட்டத்தை நிறுத்திவைக்கும் இடமாகப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட நாளில் கல்வெட்டைப் படிக்க நினைப்பது வீண்.

3. உள்ளே போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய பெட்டியோடு போகாதீர்கள். மண் பாதையும் உயரமான படிகளும் உள்ள இடம். ஜங்ஷனில் பெட்டிகளை வைக்கும் அறை உண்டு. அங்கே ரயில் டிக்கெட் காட்ட வேண்டும். பெட்டியும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். கட்டைப்பையும் துணிமூட்டையுமாக வருகிற நம்மவர்கள் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். ஒரு சின்னப் பூட்டும் சங்கிலியும் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஆதார் அட்டையும் கையோடு இருக்கட்டும்.

தோளில் மாட்டும் சிறு பையில் இவை போதும்: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, சிறிய டார்ச், இருந்தால் ஒரு பைனாகுலர், பத்து இருபது ரூபாய்ச் சில்லறை.

பைனாகுலர் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் ஷா பேகம் கல்லறையின் மேல்தளச் சத்திரியும் (தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம்), உள்ளறைக் கூரை ஓவியங்களும் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தால் இருட்டில் வெறும் புள்ளிகள்தான் வரும். எட்டு மடங்கு காட்டும் சாதாரணப் பைனாகுலர் போதும்.

காலணி எளிதில் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். கல்லறைக் கல் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதே மரியாதை. கயிறு கட்டிய ஷூ அணிந்தவர்கள் மூன்றாவது முறை குனிய நேரும்போது உள்ளே போகாமலே விட்டுவிடுகிறார்கள்.

கழிப்பறைத் தேவையை ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டியையும் அப்படியே. ஸ்டேஷனைச் சுற்றியுள்ள கடைகளில் காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் ஜிலேபியும் சூடாகக் கிடைக்கும்.

4. நான்கு பெயர்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

வரலாறு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் போனால் எந்தக் கட்டடம் எது என்பது மனதில் நிற்காது.

ஷா பேகம்: முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் முதல் மனைவி. ஆம்பேர் அரசர் பகவந்த தாஸின் மகள், பிறந்த பெயர் மான் பாய். ஜஹாங்கீர் 1605-இல் அரியணை ஏறுவதற்கு முன்பே, அவர் சலீம் என்ற இளவரசராக இந்த ஊரில் தனித் தர்பார் நடத்திய காலத்தில் இறந்தவர்.

குஸ்ரோ: இவர்களின் மகன். 1606-இல் தந்தைக்கு எதிராகக் கிளம்பித் தோற்றார்; தண்டனையாகப் பார்வை பறிபோனது. 1622-இல் புர்ஹான்பூரில், மாற்றாந்தாய் மகனான குர்ரமின் காவலில் இறந்தார். அந்தக் குர்ரம்தான் பின்னாளில் ஷாஜஹான்.

நிஸார் பேகம்: குஸ்ரோவின் உடன்பிறந்த சகோதரி. பலகைகளில் நித்தார் என்றும் எழுதியிருக்கும்.

பீபி தமோலன்: நான்காவது கட்டடத்துக்கு வழங்கும் பெயர்.

கவிஞர் அமீர் குஸ்ரோவுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் தொடர்பே கிடையாது. அவர் 1325-இல் இறந்தவர்; கல்லறை டெல்லி நிஜாமுதீனில் இருக்கிறது. "கவ்வாலி எப்போ நடக்கும்?" என்று இங்கே வந்து கேட்பவர்கள் இன்றும் உண்டு.

5. சரியான பக்கம் வெளியேறுங்கள்

ஜங்ஷனுக்கு இரண்டு முகம். முதல் பிளாட்பாரம் இருக்கும் பக்கம் சிட்டி சைடு. எதிர்ப்பக்கம் சிவில் லைன்ஸ் சைடு. குஸ்ரோ பாக் சிட்டி சைடில். சிவில் லைன்ஸ் பக்கம் வெளியே வந்துவிட்டால் தண்டவாளங்களைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பத்து நிமிட நடை அரை மணி நேர ஆட்டோ சவாரியாகிவிடும்.

மேளாவின் முக்கிய நாட்களில் நுழைய ஒரு பக்கம், வெளியேற மறுபக்கம் என்று பிரித்துவிடுவார்கள். 2025-இல் சிட்டி சைடு நுழைய மட்டும், சிவில் லைன்ஸ் வெளியேற மட்டும் என்று வைத்தார்கள். அப்படிப்பட்ட நாளில் நடந்து போகும் திட்டமே செல்லாது.

சிட்டி சைடில் இறங்கியதும் "குஸ்ரோ பாக்" என்றால் யாரும் வழி சொல்வார்கள். நடக்க முடியாதவர்கள் இ-ரிக்‌ஷா பிடிக்கலாம். ஏறுமுன் "குல்தாபாத் பக்கத்து வாசல்" என்று சொல்லுங்கள். குல்தாபாத் என்பது தோட்டத்தின் தெற்கே, பழைய ஜி.டி. (கிராண்ட் டிரங்க்) ரோட்டை ஒட்டிய பேட்டை. அப்படிச் சொல்லாவிட்டால் ஏதாவது ஒரு மதில் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

6. தெற்கு வாசலிலிருந்து தொடங்குங்கள் (15 நிமிடம்)

வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருந்தாலும், தெற்கு வாசல் வரை நடந்து போய் அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். தோட்டம் அமைத்தவர்கள் அந்தத் திசையிலிருந்து வருபவரை மனதில் வைத்துத்தான் அமைத்தார்கள். வெளியே பயணிகள் தங்கும் சராய், பிறகு உயர்ந்த கல்வாசல், பிறகு நேர்ப்பாதை, அதன் எதிரே கல்லறைகள். பக்கவாட்டு வாசலில் நுழைகிறவருக்கு இந்த நேர்கோடு பிடிபடாது. கட்டடங்கள் மரங்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும்.

வாசலில் கல்வெட்டைத் தேடுங்கள். ஜஹாங்கீரின் ஓவியர் ஆகா ரிஸாவின் பெயர் இதில் வருகிறது. தோட்டத்தின் அமைப்புக்கும் ஷா பேகம் கல்லறையின் வடிவத்துக்கும் பொறுப்பேற்றவர் அவர். ஓலை நறுக்கு அளவுத் தாளில் சிற்றோவியம் தீட்டிய கை இவ்வளவு பெரிய இடத்தை வகுத்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே நடங்கள்.

வாசலின் வளைவுக்கு அடியில் நிற்கும்போது ஒரு முறை தலைக்கு மேல் பாருங்கள். இத்தகைய உயர்ந்த வளைவுகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவது வழக்கம். கூடு இருந்தால் சத்தம் போடாமல், புகை காட்டாமல் நகர்ந்துவிடுங்கள். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

7. முதலில் ஷா பேகம் (35 நிமிடம்)

குவிமாடம் இல்லாத கட்டடம் எதுவோ அதுதான் ஷா பேகம் கல்லறை. இந்த ஒரு அடையாளம் போதும். அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் மூன்று தளங்கள். உச்சியில் தூண்கள் தாங்கும் ஒரு பெரிய சத்திரி. ஃபதேபூர் சிக்ரியின் பஞ்ச் மஹாலைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று அந்த நினைவு வரும்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். இது 1606-இல் வடிவமைக்கப்பட்டது. மற்ற இரண்டும் பின்னால் வந்தவை. இதன் வெட்டவெளி அடுக்கு அமைப்பைப் பார்த்துவிட்டுப் போனால்தான், பின்னால் வந்தவர்கள் குவிமாடத்துக்கு ஏன் திரும்பினார்கள் என்ற கேள்வியே எழும். இரண்டாவது காரணம் வெளிச்சம். இங்கே பார்க்க வேண்டியது எழுத்து; எழுத்துக்குச் சாய்வெயில் வேண்டும்.

முதல் சுற்றைக் கட்டடத்திலிருந்து முப்பது, நாற்பது அடி தள்ளி நடந்து முடியுங்கள். அடுக்குகளின் அளவு தூரத்திலிருந்துதான் பிடிபடும். சுவரோரம் போய்விட்டால் கீழ்த்தளம் மேல்தளத்தை மறைத்துவிடும்; சத்திரி கண்ணிலேயே படாது.

இரண்டாவது சுற்றில் நெருங்கிப் போய்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். இவற்றை எழுதியவர் மீர் அப்துல்லா. முஷ்கீன் கலம், அதாவது கஸ்தூரி மணக்கும் பேனா என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பாரசீகம் படிக்கத் தெரியாவிட்டாலும் கோடுகளின் போக்கைத் தொடரலாம். கல்லில் எழுதியது போலவே இருக்காது. தோய்த்த பேனா அழுத்தி இறங்கி மெலிந்து ஏறுவது போல, கோட்டின் தடிமன் மாறிக்கொண்டே போகும். அலகாபாத் கோட்டைக்குள் இருக்கும் அசோகர் தூணில் ஜஹாங்கீரின் வம்ச வரிகளைப் பொறித்ததும் இதே கைதான். அந்தத் தூண் ராணுவக் கட்டுப்பாட்டில் இருப்பதால் பொதுமக்கள் எளிதில் பார்க்க முடியாது. அந்தக் கையெழுத்தை நாம் பார்க்க இந்த இடம்தான் வழி.

எழுத்தின் மேல் விரலை ஓட்டாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை மணற்கல்லுக்குள் இறங்கிவிடும்; தொட்ட இடம் கறுத்து, தூசி ஒட்டி, மேற்பரப்பு உதிரத் தொடங்கும். ஆள் உயரத்துக்குள் இருக்கும் செதுக்கல்கள் மங்கியும், மேலே இருப்பவை கூர்மையாகவும் இருப்பதை இதுபோன்ற எந்தக் கட்டடத்திலும் காணலாம்.

சத்திரிக்கு அடியில் இருக்கும் கல் உடலைப் புதைத்த இடம் என்று நினைப்பது வழக்கமான குழப்பம். முகலாயக் கல்லறைகளில் மேலே தெரிவது அடையாளக் கல். உண்மையான புதைவிடம் அதற்கு நேர் கீழே, தரைமட்டத்திலோ நிலத்துக்கு அடியிலோ இருக்கும். மேல்தளத்துக்குப் போகும் வழி பூட்டியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். பைனாகுலரை எடுத்துக்கொண்டு எதிரே உள்ள மர நிழலில் உட்கார்ந்தால் ஏறிப் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.

8. நடுவில் இருப்பதைத் தாண்டிக் குஸ்ரோவுக்குப் போங்கள் (20 நிமிடம்)

ஷா பேகத்துக்கும் குஸ்ரோவுக்கும் நடுவே நிற்பது நிஸார் பேகம் கல்லறை. மூன்றிலும் வேலைப்பாடு மிகுந்தது அதுதான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகத்தான் கால் இழுக்கும். இப்போதைக்கு அதன் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே கடந்துவிடுங்கள்.

நிஸாரின் அழகு உள்ளே, இருட்டில் இருக்கிறது. அதற்கு வெயில் தேவையில்லை. அதை முதலில் பார்த்துவிட்டால், குஸ்ரோவின் எளிமையான கட்டடம் "இதில் என்ன இருக்கு" என்று ஆகிவிடும். அந்த எளிமையை அதன் அளவில் பார்க்க வேண்டுமானால் அதை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

குஸ்ரோ கல்லறை ஒற்றைக் குவிமாடக் கட்டடம். கல் சல்லடைச் சன்னல்கள் வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் வருகிறது. வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் அந்தச் சல்லடையின் நிழல் தரையில் விழும். பத்து மணிக்கு மேல் அது சுவரோரம் சுருங்கிவிடும். உட்சுவரில் பாரசீக வரிகள் எழுதியிருக்கின்றன. அருகே அவருடைய குதிரையையும் புதைத்தார்கள் என்று உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு.

"இங்கேயிருந்து கோட்டை வரை சுரங்கம்" என்று கதை சொல்லியபடி யாராவது கூடவே வரலாம். எந்தப் பழைய ஊரிலும் இந்தச் சுரங்கம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேட்டு ரசியுங்கள், நம்பித் தேடப் போக வேண்டாம்.

9. நிஸார் பேகத்தைக் கடைசியாக, நிதானமாக (40 நிமிடம்)

உயரமான மேடை, அதன் பக்கங்களில் மலரிதழ் போல் விளிம்பு வளைந்த வளைவுகளின் பலகைகள், மேலே குவிமாடம். 1624-25-இல் நிஸார் பேகமே தனக்காகக் கட்டிக்கொண்டது. ஆனால் அவர் உடல் இங்கே இல்லை. கல்லறையைத் தேடிக்கொண்டு உள்ளே சுற்றினால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது ஓவியம்.

முதல் வேலை, கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. பூட்டியிருந்தால் சௌகிதாரை (காவலாளியை) தேடி, "சாபி கிஸ்கே பாஸ் ஹை?" (சாவி யாரிடம் இருக்கு?) என்று கேளுங்கள். கல்லறைக்கு அங்கே வழங்கும் சொல் மக்பரா. ஊழியர்கள் காலையில் சற்றுத் தாமதமாக வருவதும் இதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம். திறக்க முடியாது என்றால் விட்டுவிடுங்கள். பணத்தை நீட்டித் திறக்கச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைக்காதீர்கள். அடுத்து வருகிறவருக்கு அதுவே கட்டணமாகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் எதையும் பார்க்க முயலாதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். ஓரமாக உட்கார்ந்து தரையைப் பாருங்கள். நுழைந்த உடனே செல்போன் டார்ச்சைச் சுவரில் அடிப்பவர்களுக்கு ஒரு வட்டம் மட்டும் தெரியும். அதற்கு வெளியே எல்லாம் இன்னும் கறுப்பாகிவிடும்.

கண் பழகிய பிறகு மேடைக்குள் அமைந்த அறைகளின் கூரையிலிருந்து தொடங்குங்கள். வட்டத்துக்குள் வட்டமாக நட்சத்திரங்கள் தீட்டியிருக்கிறார்கள். நடுவிலுள்ள நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிநோக்கி ஒவ்வொரு வளையமாகப் போங்கள். விளிம்பிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பிக்கொண்டே இருக்கும்.

பிறகு நடு அறையின் சுவர்கள். ஒடுங்கி உயர்ந்த பாரசீக சைப்ரஸ் மரங்கள், பூச்செடிகள், மதுக்குடுவைகள். சொர்க்கத்தைத் தோட்டமாகக் காட்டும் மரபு இது. வெளியே வெயிலில் நிற்கும் தோட்டம் காலத்துக்குக் காலம் மாறிப்போனது. 1624 வாக்கில் ஒரு முகலாயத் தோட்டத்தில் எந்தெந்தச் செடி கொடி இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பது இந்தச் சுவரில்தான் மிச்சம் இருக்கிறது.

டார்ச் தேவைப்பட்டால் ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் தரையில் அடியுங்கள். திரும்பி எழும் மெல்லிய வெளிச்சமே போதும், வௌவால்களும் கலவரப்படாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். படிகள் உயரமும் ஒடுக்கமுமாக இருக்கும் இடங்களில் ஏறும்போது இல்லாத தொல்லை இறங்கும்போது வரும். முழங்கால் வலி உள்ளவர்களும், புடவையில் இருப்பவர்களும் பக்கவாட்டில் திரும்பி, சுவரைத் தொட்டபடி இறங்குவது நல்லது.

10. பீபி தமோலன் (10 நிமிடம்)

மற்ற மூன்றின் வரிசையில் சேராமல் தனியே நிற்கிறது. பெயருக்குரியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகரலாம். நேரம் குறைவாக இருந்தால் விடவேண்டியது இதைத்தான்.

11. தோட்டத்தைத் தோட்டமாகப் பாருங்கள் (20 நிமிடம்)

மூன்று கல்லறைகளையும் பார்த்த பிறகு நேர்ப்பாதைகளின் வழியே நடங்கள். முகலாயத் தோட்டத்தின் அடிப்படை சார் பாக், அதாவது நான்காகப் பகுத்த சதுரம். இன்று அந்தக் கட்டங்களில் பழமரங்களும் ரோஜாவும் நாற்றங்காலும் இருக்கின்றன. ஒரு பகுதியில் நகரக் குடிநீர்த் தொட்டிகள். அந்த வேலிக்குள் போகக் கூடாது.

நம்மூர் விவசாயிகளுக்கு இங்கே வேறொரு ஈர்ப்பு உண்டு. ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்புகளில் பேசப்படும் அலகாபாத் சஃபேதா ரகத்தின் பெயரில் உள்ள ஊர் இதுதான். குஸ்ரோ பாக் கொய்யா நாற்றுகளுக்குப் பெயர் பெற்றது. தோல் சிவந்த சுர்க்கா ரகம் இந்த வட்டாரத்துக்கே உரியது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பழம் சாப்பிட நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். மழைக்காலத்தில் வரும் கொய்யாவில் இனிப்பு குறைவு, புழுவும் அதிகம். நாற்று வாங்கினால் இரண்டு நாள் ரயிலில் அது தாங்க வேண்டும். வேர் மண் உருண்டை உடையாமல் ஈரச் சணல் சாக்கில் சுற்றுங்கள். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் இலை கருகிவிடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே வெயிலில் நடாமல், ஒரு வாரம் நிழலில் வைத்துத் தேற்றியபின் நடுங்கள்.

12. படம் எடுப்பது

செல்போன், சாதாரண கேமரா போதும். முக்காலி வைத்து எடுக்கத் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும். ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

மூன்று கல்லறைகளையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் மரங்கள்தான் பதியும். தனித்தனியாக, சற்று ஓரமாக நின்று இரண்டு முகங்களும் தெரியும்படி எடுங்கள். நேர் எதிரே நின்று எடுத்தால் மேடையின் ஆழம் தெரியாது. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஊர்க்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. வெளியே வந்தபின்

அடுத்து எங்கே என்பதைக் கிழமை தீர்மானிக்கும். சந்திரசேகர் ஆசாத் பூங்காவிலுள்ள அலகாபாத் அருங்காட்சியகமும், நேரு குடும்பத்தின் ஆனந்த பவனும் திங்கட்கிழமை மூடியிருக்கும். குஸ்ரோ பாகைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டு, இவை இரண்டையும் மற்ற நாளுக்கு ஒதுக்குவது கெட்டிக்காரத்தனம். இரண்டும் சிவில் லைன்ஸ் பக்கம் தாண்டி இருப்பதால், தோட்டத்தை முடித்துவிட்டு இ-ரிக்‌ஷாவோ ஆட்டோவோ பிடியுங்கள்; நடக்க வேண்டாம்.

நேராக ரயிலுக்குப் போகிறவர்கள் வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். பெட்டி அறையில் ரசீதைக் காட்டி, பணம் கட்டி, பெட்டியை எடுக்கவே இருபது நிமிடம் ஆகலாம். சிவில் லைன்ஸ் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வண்டி வந்தால், சிட்டி சைடில் நுழைந்தவர்கள் பெட்டியோடு நடைமேம்பாலம் முழுக்கக் கடக்க வேண்டியிருக்கும். மூடுபனி மாதங்களில் மட்டும் அவசரம் வேண்டாம். தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வண்டி எங்கே வருகிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டு கிளம்பலாம். அந்த மாதங்களில் வண்டிகள் நான்கைந்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம்.